ஒழுகுவது பாட்டில் மட்டுமல்ல!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவை நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் ஆளாளுக்கு ஒரு தலைப்பைப் பிடித்துக் கொண்டார்கள். ஒருவர் நட்பு. ஒருவர் தாய்மை. ஒருவர் செயற்கை நுண்ணறிவு. நான் "மருந்து பாட்டில் ஒழுகுறதப் பத்தி எழுதப் போறேன்" என்றதும் பெஞ்சே சிரித்தது. "ஏம்ப்பா, வாஷர் கடை வைக்கப் போறியா?" என்று ஒரு நண்பர் கேட்டார். சிரிக்கட்டும். சிரித்தவர்களும் கடைசி வரி வரை படித்தால் போதும்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். அதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். மருந்து பாட்டில் ஒழுகுகிறதா என்று பார்க்க இன்று அருமையான கருவிகள் வந்துவிட்டன. ஆனால் "ஃபெயில்" என்று பதிவேட்டில் எழுதப் பயப்படுகிற இடத்தில் எந்தக் கருவியும் வேலை செய்யாது. அந்தப் பதிவேட்டில் நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர் யார்? மேனேஜர் மேலே ஏசி அறையில் இருப்பார். ஹெல்ப்பர் கீழே மெஷினில் இருப்பார். நடுவில், ஷிப்ட்டில், கையில் பேனாவோடு நிற்கப் போவது டிப்ளமோ படித்த நீங்களும் நானும்தான்.

ஒரு சிறு துளை என்ன செய்யும்?

ஒழுகல் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பை நனைந்து போகும், சிரப் பிசுபிசுக்கும், எறும்பு வரும். மருந்து வெளியே போவதைத்தான் நாம் ஒழுகல் என்கிறோம். ஆனால் துளைக்கு ஒருவழிப் பாதை கிடையாது. மருந்து வெளியே வரக்கூடிய வழியில் கிருமி உள்ளே போகவும் முடியும். வெளியே போனால் நஷ்டம், உள்ளே போனால் ஆபத்து.

அளவைப் பாருங்கள். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பல பாக்டீரியாக்களின் அகலம் 1 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாத துளை அதற்கு அகலமான வாசல். ஆஸ்பத்திரியில் "குளுக்கோஸ் ஏத்துறாங்க" என்கிறோமே, அந்தப் பாட்டிலில் இருப்பது நேராக இரத்தத்தில் கலக்கிறது. வயிற்றுக்குப் போகும் உணவுக்கு உள்ள தடுப்புகள் எதுவும் அங்கே இல்லை.

1970-71-இல் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அபாட் நிறுவனம் தன் குளுக்கோஸ், சலைன் பாட்டில்களின் திருகு மூடிக்குள் இருக்கும் லைனரை வேறு ஒரு புதுப் பொருளுக்கு மாற்றியது. லைனர் என்பது மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய வட்டம், அவ்வளவுதான். 1970 நடுவிலிருந்து 1971 ஏப்ரல் வரை 25 மருத்துவமனைகளில் 378 நோயாளிகளுக்கு இரத்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டது. காரணம் தேடியபோது கிருமிகள் மூடிக்குள்ளே, லைனரை ஒட்டித் தங்கியிருந்தது தெரிந்தது. மூடியைத் திருகும்போது அவை மருந்துக்குள் இறங்கின. மருந்தின் ஃபார்முலாவில் தப்பில்லை, ஒரு சிறு வட்டத்தில்தான் தப்பு!

அப்பாவின் தண்ணீர்த் தொட்டி

என் அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆனால் கசிவுச் சோதனையை நான் முதலில் பார்த்தது கல்லூரி லேபில் அல்ல, அப்பாவின் தொட்டியில்தான். டியூபுக்குக் காற்றடித்து, தண்ணீரில் முக்கி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே வருவார். எங்கே குமிழி வருகிறதோ அங்கே பஞ்சர். ஒட்டிய பிறகும் விடமாட்டார், மறுபடி ஒரு முழுச் சுற்று சுற்றுவார். "ஒரு ஓட்டை இருந்தா இன்னொண்ணும் இருக்கலாம்ல" என்பார்.

அதே தொட்டியில் சலைன் பாட்டிலை முக்கினால் போதாதா? போதாது. டியூபுக்குள் இருப்பது காற்று. பாட்டிலில் இருப்பது நீர். நுண்ணிய துளைக்குள் நீர் புகுந்து உட்கார்ந்துகொண்டால், பரப்பு இழுவிசை அதைப் பூட்டுப் போட்டது மாதிரி பிடித்துக்கொள்ளும். முதலாம் ஆண்டு இயற்பியலில் படித்தோமே, அதே சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். 1 மைக்ரான் துளையில் இருக்கும் நீரைத் தள்ளிக்கொண்டு ஒரு காற்றுக் குமிழி வெளியே வர வேண்டுமானால் ஏறத்தாழ 3 வளிமண்டல அழுத்தம் வேண்டும். வெளியே எவ்வளவு வெற்றிடம் உண்டாக்கினாலும் கிடைக்கும் வித்தியாசம் 1 வளிமண்டலம்தான். ஆக, கிருமி போகிற துளை குமிழி விடாது. துளை இருக்கும், குமிழி இருக்காது, நாம் "பாஸ்" என்று எழுதுவோம்.

பழைய முறை இன்னொன்று நீலச் சாயச் சோதனை. மெத்திலீன் புளூ கரைத்த தண்ணீரில் ஆம்பூல்களை முக்கி, மேலே வெற்றிடம் கொடுத்து, பிறகு காற்றைத் திறந்து விடுவார்கள். துளை இருந்தால் சாயம் உள்ளே போய் மருந்து நீலமாகும். எளிய, நல்ல முறை. ஆனால் கடைசியில் பார்ப்பது மனிதக் கண்தானே? 2 மில்லி ஆம்பூலில் துளி நீலம் தெரியும். 500 மில்லி பாட்டிலில் அதே துளி எங்கே தெரியப் போகிறது? எட்டு மணி நேரம் விளக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால் எந்தக் கண்ணும் சோர்ந்துதான் போகும்.

20 பாட்டில் கணக்கு

சாயத்தில் முக்கிய பிளாஸ்டிக் பாட்டிலை அப்படியே கடைக்கு அனுப்ப முடியாது. அதனால் பேட்ச்சில் சிலவற்றை மட்டும் மாதிரிக்கு எடுப்பார்கள். இங்கேதான் நண்பர்களே, நாம் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

10,000 பாட்டில் உள்ள ஒரு பேட்ச்சில் ஆயிரத்துக்கு ஒன்று ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 10 பாட்டில். நாம் 20 பாட்டிலை எடுத்துச் சோதிக்கிறோம். அந்த 20-இல் ஒழுகும் பாட்டில் ஒன்றாவது சிக்க எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு 2! மீதி 98 தடவையும் பேட்ச் சுத்தமாகப் "பாஸ்". நூற்றுக்கு 95 தடவை பிடிக்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 2,600 பாட்டிலைச் சோதிக்க வேண்டும். அப்பா பத்து டியூபில் ஒன்றை மட்டும் முக்கிப் பார்த்துவிட்டு மற்றதை எல்லாம் மாட்டி அனுப்புவாரா? அனுப்பினால் மறுநாள் கடைமுன் கூட்டம் சேர்ந்துவிடும்.

மாதிரி என்பது எப்போதும் மாதிரிதான். 2023-இல் சென்னைக்கு அருகே தயாரான ஒரு கண் சொட்டு மருந்தைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் 18 மாநிலங்களில் 81 பேருக்கு ஏற்பட்ட தொற்றோடு அது சம்பந்தப்படுத்தப்பட்டது. 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள். போதிய கிருமிச் சோதனை இல்லை, பலமுறை திறந்து மூடும் பாட்டிலில் போதிய கிருமித்தடுப்புப் பொருள் இல்லை, சீல் உடைந்ததைக் காட்டிக்கொடுக்கும் மூடி அமைப்பில் சரியான கட்டுப்பாடு இல்லை என்று அமெரிக்க மருந்துத் துறை சொன்னது. இங்கே நம் அதிகாரிகள் எடுத்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று செய்தி வந்தது. இரண்டில் எது என்று வாதாட நான் வரவில்லை. நாலு பாட்டில் தேறியதால் நாலாயிரம் பாட்டிலும் தேறியதாக ஆகாது என்பதை மட்டும் நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவிகள் வந்துவிட்டன

நல்ல செய்தியும் உண்டு. பாட்டிலைக் கெடுக்காமல், ஒவ்வொன்றையும் சோதிக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. அவற்றின் தத்துவம் நமக்குப் புதிதல்ல.

எலெக்ட்ரிகல் பிரிவு நண்பர்களே, வயரின் இன்சுலேஷன் நல்லதா என்று மெக்கர் வைத்துப் பார்ப்பீர்களே, அதன் தம்பிதான் உயர் மின்னழுத்தக் கசிவுச் சோதனை. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே இருக்கும் உப்பு நீர் கடத்தும். பாட்டிலின் இருபுறமும் மின்முனை வைத்து உயர் மின்னழுத்தம் கொடுத்தால், துளை உள்ள பாட்டிலில் மின்னோட்டம் சட்டென்று கூடும், மெஷின் அதைத் தனியே தள்ளிவிடும். குமிழியை அடைத்துக்கொண்ட அதே நீர் இங்கே துளையைக் காட்டிக்கொடுக்கிறது! ஆனால் எண்ணெயில் கலந்த ஊசி மருந்து மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அதற்கு இது ஒத்துவராது.

எங்கள் கருவியியல் பிரிவுக்குப் பிடித்தது வெற்றிடச் சரிவுச் சோதனை. பாட்டிலை ஒரு சிறு அறைக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி, வால்வை மூடிவிட்டு அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் அழுத்தம் 32 மில்லிபாருக்குக் கீழே போனால் தண்ணீர் கொதிக்கும். துளை வழியே வந்த நீர் ஆவியாகி அறையின் அழுத்தத்தை உயர்த்தும். முள் ஏறினால் பாட்டில் ஒழுகல். இதற்கும் குறை உண்டு. பாகு மாதிரி மருந்து துளையில் காய்ந்து அடைத்துக்கொண்டால் கருவியும் ஏமாந்து போகும்.

அமெரிக்க மருந்து நூலான யூ.எஸ்.பி.யின் 1207-ஆம் அத்தியாயம் 2016 முதல், சாயம், குமிழி போன்றவற்றைவிட அளந்து எண்ணில் காட்டும் இம்முறைகளையே விரும்பத்தக்கவை என்கிறது. 2023 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதி இன்னும் கறாராக இருக்கிறது. உருக்கி மூடும் கண்ணாடி ஆம்பூலும் 100 மில்லி வரையுள்ள சிறு பாட்டிலும் ஒன்று விடாமல் சோதிக்கப்பட வேண்டும். கண்ணால் பார்ப்பது கசிவுச் சோதனை ஆகாது என்றும் எழுதி வைத்துவிட்டார்கள். நம் நாட்டிலும் 2023 டிசம்பரில் ஷெட்யூல் எம் என்ற மருந்துத் தயாரிப்பு விதி திருத்தப்பட்டு, சிறு, நடுத்தர ஆலைகளுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் தரப்பட்டது.

சரி, விதி வந்தாச்சு, மெஷின் வந்தாச்சு. இனி என்ன கவலை? கவலை இருக்கிறது.

"வேற பத்து எடுத்துப் பாரு"

என் அம்மா ஒரு சிரப் கம்பெனியில் பேக்கிங் பகுதியில் தினக்கூலி. பெயர் வேண்டாம். பத்து பாட்டிலை டெசிக்கேட்டரில் படுக்க வைத்து, பம்பைப் போட்டு, கீழே விரித்த காகிதம் நனைகிறதா என்று பார்ப்பது அம்மாவின் வேலைகளில் ஒன்று. ஒரு நாள் பத்தில் இரண்டு நனைந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, "வேற பத்து எடுத்துப் பாரும்மா" என்றார். அதில் ஒன்று நனைந்தது. "இன்னும் ஒரு பத்து." மூன்றாவது பத்து நனையவில்லை. பதிவேட்டில் அந்தப் பத்து மட்டும் ஏறியது. லாரி கிளம்பியது.

அந்தச் சூப்பர்வைசர் யார் தெரியுமா? நம்மைப் போல டிப்ளமோ படித்தவர். அம்மாவே அவருக்குப் பரிந்து பேசினார். "சார் கெட்டவர் இல்ல கண்ணு. லாரி வாசல்ல நிக்குது, மேல இருந்து போன் மேல போன் வருது. அவரு என்ன பண்ணுவாரு, பாவம்."

பாவம்தான். ஆனால் கணக்கு யாருக்கும் பாவம் பார்க்காது. பத்தில் ஒரு பாட்டில் வீதம் ஒழுகும் மோசமான பேட்ச்சில்கூட, பத்து எடுத்தால் எல்லாமே நல்லதாக அமைய நூற்றுக்கு 35 வாய்ப்பு உண்டு. மூன்று முறை எடுத்தால் ஒரு முறையாவது "பாஸ்" கிடைக்க நூற்றுக்கு 72 வாய்ப்பு. இன்னும் நாலு தடவை எடுக்கும் பொறுமை இருந்தால் எந்தப் பேட்ச்சையும் பாஸ் ஆக்கிவிடலாம்! இதற்குப் பெயர் சோதனையா? பிடித்த சீட்டு வரும்வரை கிளி ஜோசியம் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அங்கே ஒழுகியது பாட்டில் மட்டுமல்ல நண்பர்களே, பதிவேடும்தான்.

மெஷின் இருந்தால் மட்டும் இது நின்றுவிடுமா? 1972-இல் இங்கிலாந்தில், பிளிமத் நகர டெவன்போர்ட் மருத்துவமனையில் கிருமி கலந்த குளுக்கோஸ் ஏற்றப்பட்டு 5 நோயாளிகளின் சாவோடு அது சம்பந்தப்பட்டது. இது மூடிக் கசிவு வழக்கு அல்ல, ஆனால் கருவி படிக்கும் நாம் மறக்கக் கூடாத வழக்கு. பாட்டில்களைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவில் கீழ்ப்பகுதிக் காற்று வெளியேறாமல் தங்கியதால் கீழ்த் தட்டுப் பாட்டில்கள் போதிய அளவு சூடேறவில்லை. பதிவு செய்யும் வெப்பமானி உண்மையைச் சொன்னது, வெப்பம் ஏறவில்லை என்று காட்டியது. ஆட்கள் என்ன நினைத்தார்கள்? "தெர்மாமீட்டர் ரிப்பேர்." வேறு ஒரு மீட்டரைப் பார்த்துத் திருப்திப்பட்டுக் கொண்டார்கள். நமக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்லும் கருவி நம் கண்ணுக்குக் கெட்டுப்போன கருவியாகத்தான் தெரியும். விசாரணைக் குழு போட்டுத்தான் அந்தத் தெர்மாமீட்டருக்கு நியாயம் கிடைத்தது.

இரண்டு எதிர்க் கேள்விகள்

இதை நண்பர்களிடம் பேசியபோது இரண்டு கேள்வி வந்தது. இரண்டும் நியாயமான கேள்விதான்.

முதல் கேள்வி: "அந்த மெஷின் எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான். சின்ன யூனிட் எங்கே போகும்?" ஒப்புக்கொள்கிறேன். கடன் உதவியோ, எஸ்டேட்டுக்கு ஒரு பொதுச் சோதனைக்கூடமோ இல்லாமல் சின்ன யூனிட்டை மட்டும் மிரட்டுவது சரியில்லை. ஆனால் நான் கேட்பதில் முக்கால் பாகத்துக்குப் பணமே வேண்டாம். "ஃபெயில்" என்று எழுதும் பேனாவின் விலை ஐந்து ரூபாய்.

இரண்டாவது கேள்வி என்னையே குத்தியது. "மெஷின் வந்தா உங்க அம்மா வேலை போயிடாதா?" இதை அம்மாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "போனாலும் போகும். ஆனா இப்ப மட்டும் என்ன, நான் கண்ணால பாத்துச் சொல்றத யாராவது கேக்குறாங்களா? அந்த மெஷின் சொல்றதயாவது கேப்பாங்கல்ல." அம்மா சொன்னது சரி என்று எனக்குப் படவில்லை. அம்மா சொன்னதைக் கேட்காத கம்பெனி மெஷின் சொல்வதையும் கேட்காது. மெஷினில் சென்சிட்டிவிட்டியைக் குறைக்க ஒரு திருகு போதும். அதனால்தான் சொல்கிறேன், மெஷின் வாங்குவதற்கு முன்னால் சோதிக்கிற ஆளுக்கு மரியாதை வர வேண்டும். மெஷின் வந்தபின் அதே ஆளைப் பழக்கி அதன் பக்கத்தில் நிறுத்த வேண்டும். ஒழுகலைப் பல வருஷம் கண்ணால் பார்த்தவரைவிட அந்த வேலைக்குத் தகுதியான ஆள் யார்?

நாம் என்ன செய்யலாம்?

வெறும் வீர வசனம் பேசிவிட்டு உட்கார எனக்கு மனமில்லை. வேலைக்குப் போனதும் நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது நான்கு.

முதலாவது, எத்தனை பாட்டில் எடுப்போம், எத்தனை ஒழுகினால் ஃபெயில் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி வைப்போம். முடிவைப் பார்த்தபின் விதியை மாற்றக் கூடாது.

இரண்டாவது, முதல் முடிவை முதலில் எழுதுவோம், அடுத்த பாட்டிலைத் தொடுமுன், பேனாவால். மறுசோதனை வேண்டுமானால் காரணம் கண்டுபிடித்த பிறகுதான். மூடி இறுக்கம் குறைவா, மரை தேய்ந்ததா, லைனர் நகர்ந்ததா, சீல் சூடு போதவில்லையா? காரணம் தெரியாத மறுசோதனை வெறும் சமாதானம்.

மூன்றாவது, தெரிந்தே துளையிட்ட ஒரு பாட்டிலை ஒவ்வொரு ஷிப்ட்டிலும் அடையாளமிட்டுச் சோதனைக்குள் அனுப்புவோம். அதைச் சோதனை பிடிக்காவிட்டால் அன்றைய "பாஸ்" எதுவும் செல்லாது.

நான்காவது, ஒழுகலைக் கண்டவர் தினக்கூலியாக இருந்தாலும் அவர் கை தூக்கினால் லைன் நிற்க வேண்டும். அவர் மேல் கோபப்படாமல் "நல்லதும்மா" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

நம் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். நம் லேபில் வேக்குவம் பம்ப் இருக்கிறது. ஒரு டெசிக்கேட்டர், கொஞ்சம் மெத்திலீன் புளூ, இருபது காலி பாட்டில் போதும். ஒரு குழு ரகசியமாகச் சிலவற்றில் ஊசியால் துளையிடட்டும், இன்னொரு குழு கண்டுபிடிக்கட்டும். எத்தனை தப்பிப் போகிறது என்று நம் கண்ணாலேயே பார்ப்போம். இதை ஒரு பயிற்சியாகச் சேர்க்கும்படி துறைத் தலைவர்களிடம் பேரவை மனு கொடுக்க வேண்டும். மருந்து ஆலைக்குப் போகாதவர்களுக்கும் இது உதவும். கேஸ் சிலிண்டர் வால்வு, பிரேக் ஆயில் குழாய், தண்ணீர் பம்ப் என்று எங்கே போனாலும் ஒரு சோதனை இருக்கும், ஒரு பதிவேடு இருக்கும், வாசலில் ஒரு லாரி நிற்கும்.

அந்தப் பாட்டில் யாருக்குப் போகிறது என்று நமக்குத் தெரியாது. ஏதோ ஓர் ஊர் அரசு ஆஸ்பத்திரியில், ஏதோ ஒரு கட்டிலில் படுத்திருப்பவருக்கு நம் பெயரும் தெரியாது. அவரால் பாட்டிலைச் சோதிக்க முடியாது. நர்ஸாலும் முடியாது, டாக்டராலும் முடியாது. அவர்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பது மூலையில் கிறுக்கிய ஒரு கையெழுத்தை. அது நம் கையெழுத்தாக இருக்கும்போது, பொய்யில்லாததாக இருக்கட்டும்.



— மூன்றாம் ஆண்டு, கருவியியல் பிரிவு